உவமையும் எதுகையும் இருந்துட்டா அது இலக்கியம் ஆயிடுமா?

கேள்வி, ஜூன் 2

இலக்கிய மொழி வேற, சாதாரண மொழி வேறன்னு பெரிய பெரிய கட்டுரையா எழுதறாங்க. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் விஷயம் ரொம்ப சிம்பிள். உவமை, உருவகம், எதுகை மோனை, கொஞ்சம் பழைய சொல்லு, இதெல்லாம் இருந்தா இலக்கியம். நேரா விஷயத்த மட்டும் சொன்னா அது தகவல். இதுக்கு மேல என்ன இருக்கு? மாத்துக் கருத்து இருக்கறவங்க சொல்லுங்க.

ஜூன் 2, இரவு

இருக்கு. நிகண்டுல இருந்து ஆரம்பிக்கிறேன். திவாகரம், பிங்கலம், சூடாமணி எல்லாமே அகராதி. ஒரு பொருளுக்கு எத்தன பேரு, ஒரு சொல்லுக்கு எத்தன பொருளுன்னு வரிசையா சொல்லிட்டே போகும். ஆனா எல்லாம் செய்யுள். சூடாமணி நிகண்டு விருத்தப்பா, எதுகை அட்டகாசமா விழும், ராகம் போட்டே பாடலாம். நீங்க சொன்ன கணக்குப்படி அது இலக்கியம்னு ஆயிடும். ஆனா அத யாரும் கவிதைன்னு படிக்கறதில்ல. சொல்லு நெஞ்சுல நிக்கணும், ஏடு கைல இல்லாதப்பவும் ஞாபகம் வரணும், அதுக்காகப் பாட்டாக்கி வச்சாங்க. சித்த வைத்தியப் பாட்டும் அப்படித்தான், எந்த மூலிகையோட எத எவ்வளவு சேக்கணும்னு எதுகையோட சொல்லும்.

இன்னொரு பக்கம் பாருங்க. நேரம் ஓடுது, கோவம் தலைக்கேறுது, மனசு ஒடஞ்சு போச்சு, பேச்சு சூடாயிடுச்சு. நாம வாயத் தொறந்தாலே உருவகம்தான். உருவகம் இருந்தா இலக்கியம்னா நாம பேசற அத்தனையும் இலக்கியமாயிடும்.

ரெண்டு பக்கமும் ஓட்டை. அதனால அலங்காரத்த வச்சுப் பிரிக்க முடியாதுங்கறது என் தரப்பு.

ஜூன் 3

"சரி, அளவு அதிகமா இருந்தா இலக்கியம்னு வச்சுக்கலாமா"ன்னு பதில் வந்திருக்கு. நீங்க சொல்ற பக்கம் கொஞ்சம் போனவர் மொழியியல் அறிஞர் ரோமன் யாக்கப்சன். 1958-ல இந்தியானா பல்கலைக்கழகத்துல நடந்த ஒரு மாநாட்டுல பேசி 1960-ல அச்சான கட்டுரை. மொழிக்கு ஆறு வேலை இருக்கு, அதுல ஒண்ணு கவிதை வேலை, அதாவது சொல்லு தன் மேலயே நம்ம கவனத்த இழுக்கற வேலைன்னு சொன்னார். அவர் எடுத்துக்கிட்ட உதாரணம் கவிதையே இல்ல, தேர்தல் கோஷம். 1952 அமெரிக்க அதிபர் தேர்தல்ல ஐசனோவருக்காகப் போட்ட "ஐ லைக் ஐக்". மூணே சொல்லு, மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஒலிக்குது, அதனாலதான் நாக்குல ஒட்டிக்குதுன்னு பிரிச்சுக் காட்டினார். ஆனா அது கோஷம், அதோட வேலை ஓட்டு வாங்கறது. கவிதை வேலை எல்லா மொழியிலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு, கவிதைல அது மத்த வேலைய எல்லாம் பின்னால தள்ளிட்டு முன்னால நிக்குதுங்கறது அவர் கட்சி.

எனக்கு இது பாதி திருப்தி. எது முன்னால நிக்குதுன்னு எப்படி அளக்கறது? அதுக்கு அவர்கிட்ட அளவுகோல் இல்ல.

நம்ம ஆளுங்க இந்த இடத்துல வேற மாதிரி யோசிச்சிருக்காங்க, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். தொல்காப்பியம் செய்யுளியல்ல யாப்பு எங்கெல்லாம் வரும்னு சொல்ற நூற்பா, "பாட்டு உரை நூலே வாய்மொழி பிசியே அங்கதம் முதுசொல்"னு ஏழு சொல்லுது. பாட்டு, உரை, இலக்கணம் மாதிரி சாத்திர நூல், மந்திரம், விடுகதை, வசை, பழமொழி. விடுகதைக்கும் பழமொழிக்கும் பாட்டுக்குப் பக்கத்துலயே பாய் போட்டு உக்கார வச்சிருக்காங்க. ரெண்டே ரெண்டு பெட்டி வச்சுக்கிட்டு எல்லாத்தையும் அதுல அடைக்கற அவசரம் அங்க இல்ல.

ஜூன் 3, கொஞ்ச நேரம் கழிச்சு

"தொல்காப்பியப் பாயிரத்துலயே வழக்கு, செய்யுள்னு ரெண்டாத்தானே பிரிக்கிறாங்க"ன்னு ஒருத்தர் கேக்கறார். நல்ல கேள்வி. "வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்"னு இருக்கு, உண்மைதான். ஆனா அங்க ரெண்டையும் எதிரெதிரா நிறுத்தல. ரெண்டையும் ஆராய்ஞ்சுதான் இலக்கணம் சொல்லியிருக்குன்னு சொல்றாங்க, பேச்சும் ஆதாரம், செய்யுளும் ஆதாரம். அகத்திணையியல்ல போய்ப் பாத்தா நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததுதான் புலனெறி வழக்கம்னு வருது. கற்பனையும் நடப்பும் சேந்தாத்தான் பாட்டுக்கான வழக்கு உருவாகுதுன்னு அப்பவே எழுதிட்டாங்க.

ஜூன் 5

இப்ப என் அனுபவத்துல இருந்து. நான் வேலைக்கு மெஷின்களுக்கான கையேடு எழுதறேன். எப்படிப் பொருத்தணும், எப்படிக் கழட்டணும், எத எப்பத் தொடக்கூடாதுன்னு. ராத்திரி வீட்டுல உக்காந்து கவிதையும் சிறுகதையும் படிக்கிறவன். பகல்ல ஒரு மொழி, ராத்திரி ஒரு மொழின்னு பல காலமா ஓடுது, அதனால இந்தக் கேள்வி எனக்கு வயித்துப்பாட்டோட சம்பந்தப்பட்டது.

கையேட்டுல முதல் விதி, ஒரு பாகத்துக்கு ஒரே பேரு. முதல் பக்கத்துல "கைப்பிடி"ன்னு எழுதிட்டு நாலாம் பக்கத்துல "பிடி"ன்னு எழுதினா படிக்கிறவர் ரெண்டு பாகம் இருக்குன்னு நெனச்சு இல்லாத ஒண்ணத் தேடுவார். சுவைக்காக சொல்ல மாத்தினா ஒருத்தர் விரல் போயிடும். இது மிகை இல்ல, அந்தப் பயத்தோடதான் ஒவ்வொரு வரியும் எழுதறோம்.

கதைல பாருங்க. நேத்து வரைக்கும் "அவர்"னு சொல்லிட்டிருந்த பாத்திரம் இன்னிக்கு "அவன்"னு சொன்னா, கடைசி ஒரு எழுத்துல கதையே திரும்பிடும். என்ன நடந்துச்சுன்னு ஆசிரியர் விளக்கவே வேணாம். மரியாதை போயிடுச்சு, இல்ல உறவு நெருங்கிடுச்சு, எதுன்னு வாசகர்தான் முன்னால பின்னால பாத்துக் கண்டுபிடிக்கணும். கையேட்டுல அதே ஒரு எழுத்து மாறினா அச்சுப்பிழை.

அதனால நான் ரொம்ப நாளா கைல வச்சிருக்கற சோதனை இது. ஒரு வரிய எடுத்து வேற சொல்லுல சொல்லிப் பாரு, என்ன போகுதுன்னு பாரு. "பழுது பார்க்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்." இத "ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடி கரண்ட ஆஃப் பண்ணிடுங்க"ன்னு மாத்தினா எதுவும் போகல. உயிர் பொழைக்கிற ஆளு ரெண்டுலயும் பொழைப்பார்.

இப்ப குறள் 12. "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத் துப்பாய தூஉம் மழை." உண்பவங்களுக்கு உணவ விளைய வச்சு, தானே தண்ணியா அவங்களுக்கு உணவாவும் ஆகறது மழை. பொருள் முழுசா வந்துடுச்சு, ஒரு சொட்டு விடல. ஆனா குறள வாய்விட்டுச் சொல்றப்ப அந்த "துப்பு" திரும்பத் திரும்ப உதட்டுல வந்து விழுதே, துளி மேல துளி விழற மாதிரி, அது எங்க? அந்த ஒலி அலங்காரமா மேல ஒட்டினதா எனக்குத் தோணல. விளைய வைக்கறதும் தானே உணவாகறதும் ஒரே சொல்லுக்குள்ள நடக்குதுன்னு காட்டறதே அந்த ஒலிதான். பொருள் அதுக்குள்ள இருக்கு.

இதத்தான் அமெரிக்க விமர்சகர் கிளியந்த் புரூக்ஸ் 1947-ல கவிதைய உரைநடைல சொல்லிட்டு "இதுதான் அதோட சாரம்"னு சொல்றது மதவிரோதம் மாதிரின்னு கடுமையா எழுதினார். அவருக்கு பல நூற்றாண்டு முன்னாலயே, 13-ஆம் நூற்றாண்டு நன்னூல், "பல்வகைத் தாதுவின் உயிர்க்குஉடல் போல்"னு செய்யுளுக்கு இலக்கணம் சொல்லிடுச்சு. பொருள் உயிர்னா சொல்லு உடம்பு. உடம்ப மாத்திட்டு உயிர் அதேதான்னு சொல்ல முடியாதுல்ல. அந்த நூற்பாவ நான் படிக்கிறப்பல்லாம் ஒரு நிமிஷம் நின்னுடறேன்.

ஜூன் 6

வக்கீலா இருக்கற அண்ணன் ஒருத்தர் சரியான இடத்துல கைய வச்சிருக்கார். "சட்டத்துலயும் ஒரு சொல்ல மாத்த முடியாது தம்பி, 'மற்றும்' இருக்கற இடத்துல 'அல்லது' போட்டுப் பாரு, ஒருத்தன் உள்ள போயிடுவான். உன் சோதனைப்படி குற்றவியல் சட்டமும் கவிதையா?"

இது நல்ல அடி. சோதனைய இறுக்கணும்.

அண்ணே, ரெண்டுலயும் சொல்லு அசையக்கூடாது, ஒத்துக்கறேன். ஆனா எதுக்காக அசையக்கூடாதுங்கறது வேற வேற. சட்டத்துல ஆரம்பத்துலயே விளக்கப் பிரிவு போட்டு, இந்தச் சட்டத்துல இந்தச் சொல்லு இதத்தான் குறிக்கும்னு ஆணி அடிச்சிடறாங்க. மத்த அர்த்தம் உள்ள வரக்கூடாதுன்னு கதவ மூடத்தான் அந்தச் சொல்லு. அப்புறமும் ஒரு பிரிவுக்கு ரெண்டு அர்த்தம் வந்துச்சுன்னா அது குறை, கோர்ட்டுக்குப் போகும், நீதிபதி ரெண்டுல ஒண்ணு எதுன்னு சொல்லி முடிச்சு வைப்பார். கவிதைல ரெண்டு அர்த்தம் வந்தா யாரும் தீர்ப்புக்குப் போறதில்ல. காளமேகத்தோட சிலேடைல ஒரே பாட்டு ரெண்டு பொருளுக்கும் பொருந்திட்டே போகும், ரெண்டும் சேந்து நிக்கறதுதான் சந்தோஷமே. ஒண்ண அடிச்சிட்டா பாட்டே செத்துடும். சங்கப் பாட்டு உள்ளுறையும் அப்படித்தான், மேல பாத்தா பூவும் வண்டும், உள்ள தலைவனும் தலைவியும். ரெண்டு தளமும் ஒரே நேரத்துல ஓடணும். ஆங்கில விமர்சகர் வில்லியம் எம்ப்சன் 1930-ல இந்த மாதிரிப் பொருள் மயக்கத்த ஏழு வகையாப் பிரிச்சு ஒரு புத்தகமே போட்டார்.

ஆக சட்டத்துல சொல்ல இறுக்கறது ஒத்தப் பொருள்ல கொண்டு போய் நிறுத்த. கவிதைல இறுக்கறது பல பொருளும் ஒண்ண ஒண்ணு தாங்கிக்கிட்டு நிக்க. வரைவு எழுதற வக்கீலும் கவிஞரும் ஒரே அளவு கஷ்டப்படறாங்க, எதிரெதிர் திசைல.

ஜூன் 6, இரவு

மந்திரம் பத்தி ஒரு சின்ன ஒட்டு. அங்க சொல்லு மட்டுமில்ல, ஒலி, ஏத்த இறக்கம், முறை எதுவுமே மாறக்கூடாது. ஆனா சொல்றவருக்குப் பொருள் தெரியணும்னு கூட அவசியமில்ல. ஒத்தப் பொருளும் இல்ல, பல பொருளும் இல்ல, சொல்லிட்டாலே வேலை நடந்துடுது. தொல்காப்பியர் அதுக்குத் தனியா "வாய்மொழி"ன்னு இடம் குடுத்தது எவ்வளவு சரின்னு இப்பதான் உறைக்குது. அத அங்கயே விடறேன்.

ஜூன் 7

கணக்கதிகாரத்த யாரோ இழுத்துட்டாங்க, நானே இழுத்திருக்க வேண்டியது. பழைய தமிழ் நூல், முழுக்கக் கணக்கு, அளவை, பின்னம். அதுல பலாப்பழத்த வெட்டாமலே சுளை எத்தனைன்னு சொல்ல ஒரு பாட்டு இருக்கு. காம்புக்குப் பக்கத்துல இருக்கற சிறு முள்ள எண்ணி, ஆறால பெருக்கி, அஞ்சால வகுத்துட்டா சுளைக் கணக்கு வந்துடும்னு சொல்லிட்டு, "வேறெண்ண வேண்டாஞ் சுளை"ன்னு முடியும். கணக்கு பலிக்குமாங்கறது பழத்த அறுக்கறவர் பாடு. எனக்கு முக்கியம் அந்தக் கடைசி அடி. வேற யோசிக்க வேண்டாம், தனியா எண்ண வேண்டாம், ரெண்டும் அதுல இருக்கு. நூலுக்கு அது தேவையே இல்ல, பெருக்கு வகுன்னு சொன்னதோட வேலை முடிஞ்சிடுச்சு. எழுதினவருக்கு அங்க ஒரு சந்தோஷம் வந்திருக்கு, அது வரில ஏறிடுச்சு. இப்படி ஒரு வரி மட்டும் வேற பக்கம் எட்டிப் பாக்கற நூல் நெறைய இருக்கும். முழு நூலுக்கும் ஒரே சீட்டு ஒட்டறது எனக்கு இதனாலதான் பிடிக்கறதில்ல, வரி வரியா பாக்கணும்.

ஜூன் 9

"எல்லாம் வாசிக்கறவர் கண்ணுலதான் இருக்கு, பிரதில ஒண்ணும் இல்ல"ன்னு ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. இந்தக் கட்சிக்கு பலமான சாட்சி அமெரிக்க இலக்கியப் பேராசிரியர் ஸ்டான்லி ஃபிஷ். 1971 கோடைல ஒரே வகுப்பறைல ஒரு வகுப்புக்கு மொழியியலும் நடையியலும், அடுத்த வகுப்புக்கு 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில சமயக் கவிதையும் பாடம் எடுத்திட்டிருந்தார். முதல் வகுப்புக்குக் குடுத்த வீட்டுப்பாடத்துக்காக சில மொழியியல் ஆசிரியர்கள் பேர ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா போர்டுல எழுதி வச்சிருந்தார். அடுத்த வகுப்பு உள்ள வர்றதுக்குள்ள அதச் சுத்தி ஒரு கட்டம் போட்டு மேல பக்க எண் எழுதி, இது ஒரு சமயக் கவிதை, விளக்குங்கன்னார். மாணவர்கள் விளக்கிட்டாங்க! ஜேக்கப்ஸ்னு ஒரு பேரு, அது வேதாகமத்து யாக்கோபு கண்ட ஏணி. ரோசன்பாம்ல ரோஜாச் செடி, அது கன்னி மரியாள். தோர்ன்ல முள்முடி. வரி அமைஞ்சிருக்கற வடிவமே சிலுவை மாதிரி இருக்குன்னு ஒரு பக்கம். 1980-ல வந்த புத்தகத்துல இத வச்சு, கவிதைல இருக்கற குணத்தப் பாத்து நாம கவிதைன்னு கண்டுக்கறதில்ல, கவிதைன்னு பாக்க ஆரம்பிச்சா குணம் தன்னால தெரியுதுன்னு சொன்னார்.

நான் இதப் படிச்சப்ப ரெண்டு நாள் கலங்கித்தான் போனேன். ஏன்னா அது நிஜம். எப்படிப் படிக்கணும்னு முன்னாடியே பழகி வச்சிருக்கோம், வரிய ஒடச்சுப் போட்டா போதும், நம்ம மனசு கவிதைக்குத் தயாராயிடுது. தினசரித் தாள்ல வந்த விளம்பர வாசகத்த நாலு வரியா ஒடச்சு எழுதிப் பாருங்க, சட்டுனு ஒரு கனம் வந்த மாதிரி இருக்கும்.

ஆனா ஒண்ணு கேக்கணும் தங்கச்சி. அந்தப் பேர்ப் பட்டியல கவிதைன்னு படிச்ச மாணவர்கள்ல யாராவது மறுநாளு அத முணுமுணுத்துக்கிட்டு நடந்திருப்பாங்களா? விளக்கம் சொல்ற திறமைக்கு அந்தப் பட்டியல் தீனி போட்டுச்சு, அவ்வளவுதான். அந்த வகுப்பு ஞாபகத்துல இருக்கறது ஃபிஷ் சொன்ன கதையால. பட்டியல யாரும் திரும்பத் தேடிப் போகல. ஒரு தடவ எதையும் இலக்கியமா படிச்சிடலாம், அதுல நீங்க ஜெயிச்சீங்க. இன்னொரு தடவ படிக்க வைக்கறது பிரதியால ஆகணும்.

ஜூன் 10

இத ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், இப்பதான் இடம் வந்துச்சு. ஒரே கல்லுல ரெண்டு மொழியும் இருக்கற இடம் நம்மகிட்ட இருக்கு.

ராஜராஜனோட மெய்க்கீர்த்தி, அதாவது அரசனோட புகழச் சொல்ற பாட்டு. "திருமகள் போலப் பெருநிலச் செல்வியும் தனக்கே உரிமை பூண்டமை மனக்கொள"ன்னு ஆரம்பிக்கும். நிலமகள், திருமகள், உவமை, எதுகை, கம்பீரமான ஓட்டம், கேள்வி கேட்டவர் முதல் நாள் சொன்ன எல்லா அடையாளமும் இருக்கு. ஆனா அது எங்க வருது? தானக் கல்வெட்டோட தலைல. யாரோட ஆட்சி, எத்தனாவது ஆண்டுன்னு சொல்றதுக்கான முகப்பு அது. அதுக்குக் கீழ நெலம், பொன்னு, யாருக்கு எவ்வளவுன்னு பத்திரம் ஓடும். மெய்க்கீர்த்தி வேற வேற ஊர்க் கல்வெட்டுல திரும்பத் திரும்ப அதே வரியா வரும், ஜெயிச்ச நாட்டுப் பட்டியல் கூடக் கூட நீளும். அதாவது அது ஒரு நிலையான ஃபார்மட். அலங்காரம் நெறைய, வேலை அலுவலக வேலை.

இப்ப அதே ராஜராஜன் தஞ்சாவூர்ப் பெரிய கோயில்ல வெட்ட வச்ச ஆணை, அவரோட 26-ஆம் ஆட்சியாண்டு. "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" விமானத்துல "கல்லிலே வெட்டுக"ன்னு வாய்மொழிஞ்சதா இருக்கு. அதுக்கப்புறம் என்ன வருது தெரியுமா, பாத்திரம், நகை, ஒவ்வொண்ணோட எடை, கழஞ்சு, மஞ்சாடிங்கற அந்தக் காலத்துப் பொன் எடைல. சுத்தமான கணக்கு இருப்பு. உவமை ஒண்ணுகூட இல்ல. நிலமகளும் இல்ல திருமகளும் இல்ல. "குடுத்த"ன்னு நாம இன்னிக்குப் பேசற அதே சொல்லு.

ஆனா என்னைய நிறுத்தி வைக்கறது எது? மெய்க்கீர்த்தி இல்ல. இந்த ஆணைதான். நான் குடுத்தது, எங்க அக்கா குடுத்தது, எங்க வீட்டுப் பொம்பளைங்க குடுத்தது, வேற யார் குடுத்திருந்தாலும் அவங்க குடுத்தது. அரசன்ல ஆரம்பிச்சு பேரு சொல்லாத ஆளு வரைக்கும் ஒரே "குடுத்தன" எல்லார் மேலயும் சமமா விழுது. அக்கா ரெண்டாவதா வந்துடறாங்க, மனைவிமாருக்கு முன்னாடி. அந்த வரிசைல ஒரு மனுஷனோட மனசு இருக்கு. அவர் இலக்கியம் படைக்கணும்னு சொல்லல, எதுவும் விட்டுப்போகக் கூடாதுன்னு சொன்னார். விட்டுப்போகக் கூடாதுங்கற அக்கறைதான் அந்த அடுக்கா வந்து விழுந்திருக்கு.

1,000 வருஷம் கழிச்சு, அந்தப் பொன்னுல ஒரு மஞ்சாடிகூட என் கைக்கு வரப்போறதில்ல, அந்தத் தகவலால எனக்கு ஒரு வேலையும் ஆகப்போறதில்ல. ஆனாலும் படிக்கிறேன். சொல்லு மாத்தாம படிக்கிறேன். "மன்னர், அவரது தமக்கை, தேவியர் மற்றும் பிறர் வழங்கிய கொடைகள் பொறிக்கப்பட்டன"ன்னு பாடப்புத்தக நடைல எழுதினா தகவல் பத்திரமா இருக்கு, அந்தக் குரல் போயிடுச்சு.

அலங்காரம் இருக்கற பகுதி முத்திரையா நிக்குது, அலங்காரமே இல்லாத ஆணை பாட்டா கேக்குது. முதல் நாள் கேள்விக்கு என்கிட்ட இதவிட நல்ல பதில் இல்ல.

ஜூன் 11

ஆமா, மெய்க்கீர்த்திய நான் ரொம்ப இறக்கிட்டேன்னு ரெண்டு பேர் கோச்சுக்கிட்டாங்க. கோச்சுக்கறதுல நியாயம் இருக்கு, அதுல சில அடி வாய்விட்டுப் படிச்சா உடம்பு சிலிர்க்கும். நான் சொல்ல வந்தது அலங்காரம் இருக்கறதால மட்டுமே அது இலக்கியம் ஆகலங்கறது. சிலிர்க்கற அடி சிலிர்க்கட்டும்.

ஜூன் 14

கொஞ்சம் சொந்த விஷயம். அப்பா ஆஸ்பத்திரில இருந்து வந்தப்ப குடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி என்கிட்ட இருக்கு. ரத்த அழுத்தம், மாத்திரை பேரு, எத்தன வேளை, அடுத்து எப்ப வரணும். கடைசில "நோயாளி நல்ல நிலையில் வீடு திரும்புகிறார்"னு ஒரு வரி. எல்லாருக்கும் போடற அச்சடிச்ச வரிதான். அப்பா அதுக்கப்புறம் ரொம்ப நாள் இருக்கல. அந்தத் தாள எடுத்துப் படிக்கிறப்ப அந்த வரில நான் நின்னுடறேன். "வீடு திரும்புகிறார்". வேற சொல்லு போட்டா எனக்கு அது வேற ஆயிடும். தகவல் தேவை முடிஞ்சு போச்சு, ஆனா படிக்கிறேன், திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இதுவரைக்கும் நான் சொன்ன சோதனை எல்லாத்துலயும் அந்த வரி பாஸ் ஆயிடுது.

அது இலக்கியமா? ரொம்ப யோசிச்சேன். இல்லன்னுதான் தோணுது. எனக்கு அது என்ன செய்யுதோ அத உங்களுக்குச் செய்யாது. இப்ப நான் இத்தன கதை சொன்னதால உங்களுக்கு லேசா ஏதோ தோணியிருக்கும், ஆனா அது என் கதையோட வேலை, அந்தத் தாளோட வேலை இல்ல. தாள மட்டும் உங்க கைல குடுத்தா மாத்திரை பேரப் படிச்சிட்டு மடிச்சு வச்சிடுவீங்க. ராஜராஜனோட அக்கா எனக்கு யாரும் இல்ல. ஆனாலும் அந்த வரி முன்னப்பின்ன தெரியாத என்கிட்ட வந்து சேருது. அந்நியன்கிட்டயும் போய்ச் சேரணும், அதுக்கு வேண்டியது வரிக்குள்ளயே இருக்கணும். ஒரு கதை எழுதறவர் அந்த ஆஸ்பத்திரி வரிய எடுத்து, முன்னாடி பத்துப் பக்கம் ஒரு அப்பாவ நடமாட விட்டு, கடைசில அத அப்படியே வச்சா, அப்ப அது இலக்கியத்துக்குள்ள வந்துடும், ஒரு எழுத்துகூட மாறாம.

அதனால எந்தச் சொல்லுக்கும் தனியா இலக்கியச் சொல்லுன்னு பட்டம் இல்லன்னு நான் உறுதியா நம்பறேன். எந்த அரசாங்க ஃபாரத்து வரியும் உள்ள வரலாம். அதச் சுத்தி என்ன கட்டியிருக்குங்கறதுதான் விஷயம்.

ஜூன் 15

"அப்ப கற்பனை இருக்கணுமா?" இப்படி ஒரு அக்கா கேட்டதுக்கு: வேணாம்னு நெனக்கிறேன். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு, 1736-ல ஆரம்பிச்சு 1761 வரைக்கும். புதுச்சேரில பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸோட துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தவர், வியாபாரி. கப்பல் வந்தது, சரக்கு, யார் யாரப் பாத்தாங்க, என்ன பேசினாங்க. அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழ்ல எழுதி வச்சார். கற்பனை சல்லிக்காசுக்கு இல்ல. ஆனா யார் எந்தத் தொனில பேசினாங்க, அவருக்கு உள்ள என்ன எரிஞ்சுதுன்னு எழுதினாரே, வியாபாரக் கணக்குக்கு அது தேவையில்ல. அந்தத் தேவையில்லாத இடத்துலதான் நான் உக்காந்துக்கறேன்.

நோபல் குழுவும் இத ஒத்துக்கிட்டிருக்கு. 1902-ல இலக்கிய நோபல் மாம்சனுக்கு, ரோமானிய வரலாறு எழுதினவர். 1950-ல தத்துவவாதி ரஸ்ஸல். 1953-ல சர்ச்சில், வரலாறும் பேச்சும். 2015-ல ஸ்வெத்லானா அலெக்சியேவிச், பாதிக்கப்பட்ட ஜனங்க சொன்ன வாக்குமூலத்த அடுக்கி எழுதினவர்.

ஜூன் 16

கற்பனையா எழுதினா தன்னால இலக்கியம்னும் கெடையாது. கணக்குப் புத்தகத்துல "ராமுவிடம் ஐந்து பென்சில் இருந்தன"ன்னு வருது. ராமு கற்பனை, பென்சில் கற்பனை. யாரும் ராமுவப் பத்திக் கவலப்பட்டதில்ல.

ஜூன் 19

பரிட்சைக்குப் படிக்கிற பையன் ஒருத்தன் தனியா கேட்டான், "அண்ணா, இதெல்லாம் சரி, வித்தியாசம் தருகன்னு அஞ்சு மார்க்குக்கு வரும், டேபிள் போட்டுக் குடுங்க"ன்னு.

தம்பி, பாடத்துல இருக்கறபடி நோக்கம், சொல்லாட்சி, பொருள், வடிவம்னு கட்டம் கட்டி எழுது, மார்க்க விடாத. இலக்கியமல்லாததுல நோக்கம் தகவல், பொருள் ஒண்ணு. இலக்கியத்துல நோக்கம் அனுபவம், பொருள் பல. இதெல்லாம் தப்பில்ல, அறிமுகத்துக்கு நல்ல கட்டம்தான். ஆனா ரெண்டு பத்திக்கும் நடுவுல இருக்கற கோட்ட ஸ்கேல் வச்சுப் போடறியே, அந்தக் கோடு நிஜத்துல அப்படி நேரா இல்ல. உதாரணம் கேட்டா மெய்க்கீர்த்திய எழுது, எந்தப் பக்கம் வைக்கறதுன்னு திருத்தறவரும் ஒரு நிமிஷம் யோசிக்கட்டும்.

பரிட்சை முடிஞ்சப்புறம் ஒரு வேலை பண்ணு. உன் பாடப்புத்தகத்துல இருந்து ஒரு அறிவியல் பத்தி, ஒரு செய்யுள், ஒரு பழமொழி எடுத்துக்கோ. மூணையும் உன் சொல்லுல மாத்தி எழுது. எதுல எழுதி முடிச்சதும் "வந்துடுச்சு"ன்னு பேனாவ மூடறே, எதுல "இல்ல, இது இல்ல"ன்னு அடிச்சு அடிச்சு எழுதறேன்னு பாரு. அறிவியல் பத்தியிலயும் எங்கயாவது அடிக்க வேண்டி வந்தா அந்த வரிய இங்க போடு, நான் பாக்கணும்.

ஜூன் 20

பையன் அதுக்குள்ள பழமொழி ஒண்ணு போட்டுட்டான்: "ஆழம் தெரியாமல் காலை விடாதே." அவன் மாத்தினது: "முன்னாடியே விசாரிக்காம எதுலயும் எறங்காத." பொருள் வந்துடுச்சு, ஆனா தண்ணியக் காணோமேன்னு கேக்கறான். ஆனா "எறங்காத"ன்னு அவனே எழுதியிருக்கான் பாருங்க, தண்ணி முழுசாப் போகல. வேற யாராவது அதையும் எடுத்துட்டு எழுதிக் காட்டுங்க, முடியுதான்னு பாப்போம்.